ஆச்சியின் நூறு பங்குகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் என் கணவர் காரைக்குடியில் ஒரு பங்குத் தரகரிடம் குமாஸ்தாவாக இருந்தார். அவர் வீட்டில் அப்பா, அண்ணன்மார் எல்லாரும் தச்சு வேலை. இவர் மட்டும் டைப்ரைட்டிங் படித்துவிட்டு வேறு பக்கம் வந்துவிட்டார். நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

தரகரிடம் சொல்லிவிட்டுத் தன் கணக்கில் அவர் ஒரு சின்ன வியாபாரம் செய்துவந்தார். ஒரு கம்பெனி இன்னொன்றைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளப் போகிறது என்று இங்கிலீஷ் பேப்பரில் அறிவிப்பு வந்தால், சின்னக் கம்பெனியின் பங்கை வாங்கி வைப்பார். இணைப்பு முடிந்ததும் விற்றுவிடுவார். எல்லாம் மூன்று நாலு மாதத்துக்குள்.

அந்த வருஷம் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய மில், சின்ன மில் ஒன்றை எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. சின்ன மில்லின் ஐந்து பங்குக்குப் பெரிய மில்லின் இரண்டு பங்கு தருவார்கள். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார்.

"சின்ன மில் பங்கு பன்னெண்டு ரூவா. அஞ்சு வாங்குனா அறுபது. அதுக்குக் கிடைக்கிற ரெண்டு பெரிய பங்கு இன்னைக்கே எண்பதுக்குப் போகுது."

"நடுவுல இருக்க இருபது ரூவாயை எதுக்கு மத்தவுக விட்டு வச்சிருக்காக?"

"நடக்காமப் போயிருச்சுன்னா? அந்தப் பயத்துக்குத்தான் அந்த இருபது."

கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டு ஆச்சியிடம் அந்தச் சின்ன மில்லின் நூறு பங்குகள் இருந்தன. மலேயாவில் இருந்து சம்பாதித்த கணவர் விட்டுப்போனவை. ஐம்பது வயதுகூட ஆகாத அந்த அம்மா பெரிய வீட்டில் தனியாக இருந்தார். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும், விற்றுக் கொடுங்கள் என்று தரகருக்குச் சொல்லியனுப்பியிருந்தார். என் கணவரே போய்ப் பன்னிரண்டு வீதம் கொடுத்து வாங்கிவந்தார். மனை வாங்க நாங்கள் சேர்த்து வைத்திருந்த ஆயிரத்து இருநூறும் அதில் போனது.

பெயர் மாற்றக் கம்பெனிக்கு அனுப்பிய பத்திரங்கள் மூன்று வாரம் கழித்துத் தபாலில் திரும்பி வந்துவிட்டன. ஆச்சியின் கையெழுத்து கம்பெனியில் உள்ள பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லையாம். புதுப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். சனிக்கிழமை என்பதால் நானும் பஸ் ஏறினேன்.

"சேரப்போற விஷயம் ஆச்சிக்குத் தெரியுமா?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"பேப்பர்ல வந்ததுதான."

"அவுக இங்கிலீஷ் பேப்பரா படிக்கிறாக?"

அவர் பையிலிருந்து புதுப் படிவத்தை எடுத்துக் கோட்டையூர் தாண்டும்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆச்சி எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். பழைய கையெழுத்தை நினைவுபடுத்திக்கொள்ள ஒரு காகிதத்தில் நாலைந்து தடவை போட்டுப் பார்த்தார். படிவத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனபோது என் கணவர் தடுத்தார்.

"ஒரு நிமிசம், ஆச்சி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்." எல்லாவற்றையும் சொன்னார்.

"வாங்கும்போதே தெரியுமா?"

"தெரியும், ஆச்சி."

ஆச்சி பேனாவைக் கீழே வைத்தார்.

"என் எடத்துல நீங்க இருந்தா என்ன செய்வீக?"

"விக்க மாட்டேன். வச்சிருப்பேன்."

ஆச்சி எழுந்து உள்ளே போனார். ஓடு மாற்ற ஆள் இன்னும் வந்திருக்கவில்லை. நாங்கள் கொடுத்த பணம் அதே உறையில் திரும்பி வந்தது. பத்திரங்களைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். திரும்பும் பஸ்ஸில் அவர் வேர்க்கடலை வாங்கித் தோலுரித்து என் கையில் போட்டுக்கொண்டே வந்தார். நானூறு ரூபாயை விட்டுவிட்டு வந்த மனுஷன் மாதிரி இல்லை. அன்றைக்குத்தான் இவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இரண்டு மாதம் கழித்துப் பெரிய மில் பின்வாங்கிக்கொண்டது. காரணம் ஒன்றும் சொல்லவில்லை. சின்ன மில்லின் பங்கு ஒரே வாரத்தில் ஒன்பது ரூபாய்க்கு இறங்கியது.

"நல்லவேளை, தப்பிச்சோம்!" என்றேன்.

அவர் சோற்றில் கை வைக்கவில்லை. "வச்சிருப்பேன்னு சொன்னேன்ல. என் பேச்சைக் கேட்டுத்தான அவுக வச்சிருந்தாக."

"நீங்க உள்ளதைத்தான சொன்னீக?"

"முதல்லயே சொல்லியிருந்தா அவுகளா யோசிச்சு முடிவெடுத்திருப்பாக. பத்திரம் திரும்பி வந்து மாட்டிக்கிட்ட பெறகுதான நான் சொன்னேன்."

அலமாரியில் இருந்த பண உறையை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் ஏறிட்டுப் பார்த்தார். "அந்த மனை எங்கயும் ஓடிப்போகாது. சாப்பிடுங்க" என்றேன்.

மறுநாள் மழை தூறிக்கொண்டிருந்தது. ஆச்சி வீட்டுக்குப் போனோம். வளவுக்குள், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ரெண்டு இடத்தில் ஒழுகுவதற்கு ஆச்சி குண்டான் வைத்திருந்தார். என் கணவர் இணைப்பு நின்றுபோனதைச் சொல்லி, பன்னிரண்டு வீதமே வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

"இன்னைக்கு வெலை என்ன?" என்று கேட்டார் ஆச்சி.

"ஒம்பது."

"அப்ப ஒம்பதுக்கு எடுத்துக்கங்க."

"பன்னெண்டுக்குன்னா வாங்குறேன், ஆச்சி."

"வச்சிருக்கலாம்னு முடிவெடுத்தது நானு. ஆசைப்பட்டதும் நானு. உங்களுக்கு எதுக்கு நட்டம்?"

"நான் சொல்லித்தான ஆசைப்பட்டீக."

விற்கிறவர் விலையைக் குறைக்க, வாங்குகிறவர் ஏற்ற, கால் மணி நேரம் இழுபறி நடந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கடைசியில் வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன்: "பன்னெண்டும் ஒம்பதும் இருபத்தொண்ணு. பாதி பத்தரை. ரெண்டு பேரும் பேசாம ஒத்துக்கங்க."

ஆச்சி என்னைப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். "டீச்சரைக் கூட்டிட்டு வந்தது தப்பாப் போச்சே, தம்பி" என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார். இந்த முறை கம்பெனி கையெழுத்தை ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகும் என் கணவர் அந்த வியாபாரத்தை விடவில்லை. ஆனால் விற்க வருகிறவரிடம் பேப்பர் செய்தியைத் தமிழில் படித்துக் காட்டிவிட்டுத்தான் விலை பேசுவார். கேட்டுவிட்டுப் பத்திரத்தோடு எழுந்து போனவர்கள் உண்டு. பரவாயில்லை, நீங்களே விற்றுக் கொடுங்கள் என்றவர்களும் உண்டு.

மூன்று மாத வியாபாரக்காரர் அந்த நூறு பங்குகளை மட்டும் நாலு வருஷம் வைத்திருந்தார். பதினொரு ரூபாய் வந்தபோது விற்றார். லாபம் ஐம்பது ரூபாய். நேரே என்னைக் கண்டாங்கிச் சேலைக் கடைக்குக் கூட்டிப்போனார். "நல்லதா எடுத்துப் போடுங்கண்ணே" என்று கடைக்காரரிடம் சொன்னார், "நாலு வருச ஒழைப்பு இது."