இரண்டு கால்களும் உள்ள படம்

ஆம்பூரில் பேருந்துக்கு நாற்பது நிமிடம் இருப்பதால் எதிரே உள்ள தேவாலயக் கூடத்துக்குள் போகிறேன். ஷூ கம்பெனிப் பெண்கள், தங்கள் வீட்டில் இறந்தவர்களின் நினைவாகச் செய்த அச்சுப் படங்கள் சுவரில் இருக்கின்றன. துண்டுத் தோலை வெட்டி அட்டையில் ஒட்டி, மை தடவி, மேலே தாளை வைத்துக் கரண்டியால் தேய்த்து எடுத்தவை.

ஒரு படத்தில் இரண்டு பாதங்கள் மட்டும். அதைச் செய்த ஸ்டெல்லா பக்கத்திலேயே நிற்கிறார். தோல் வெட்டும் பிரிவில் வேலை.

"என் வீட்டுக்காரரு சார். சர்க்கரையில எடது கால எடுத்துட்டாங்க. ஒத்தக் கால்தான் வெட்ட உக்காந்தேன். ஜோடி ஜோடியாவே வெட்டிப் பழகுன கையாச்சே, கேக்கல. ஒட்டி முடிச்சுப் பாத்தா ரெண்டு காலு!"

"திருத்தலையா?"

"இன்னாத்துக்கு சார்? சிரிச்சிட்டேன். 'போய்யா, இனிமே நல்லா நட'ன்னேன். அன்னிக்குதான் தூக்கமே வந்துச்சு."

எனக்குப் பொறாமை பொங்குகிறது. படத்தில் குறை தேடுகிறேன். இடது பெருவிரலில் மை திட்டாக நிற்பதைக் காட்டுகிறேன்.

"ஆமா சார், மை ஜாஸ்தி" என்கிறார், கொஞ்சமும் வருத்தமில்லாமல். பிறகு, "உங்களுக்கு யாரு சார் தவறிட்டாங்க?"

"மனைவி. அவ படுத்திருந்த எண்பது நாளும் எழுதி வெச்சிருக்கேன். மருந்து, காய்ச்சல், நேரம் எல்லாம். ஒரு தப்பு இருக்காது."

"படிச்சா ஆறுதலா இருக்குமா சார்?"

எழுதி முடித்த நாளிலிருந்து அந்த நோட்டை நான் திறந்ததே இல்லை.

"இருக்கும்மா" என்கிறேன்.