சந்தனம் காயாத தலையோடு ஓர் இறக்கம்

கத்திரி வெயில். திருமலையில் மகளுக்கு முடியிறக்கிவிட்டு மத்தியானம் காரில் கீழே வந்துகொண்டிருந்தோம். மூன்று வயது. மொட்டைத் தலையில் சந்தனம் காயாமலே மனைவியின் மடியில் தூங்கிவிட்டாள்.

மேலே செக்போஸ்டில் கிளம்பிய நேரத்தை ஒரு சீட்டில் குறித்துக் கொடுத்திருந்தார்கள். சீக்கிரம் இறங்கினால் கீழே அபராதம். நானோ தடா ரோட்டில் ஸ்ரீ சிட்டிக்கு வேலைக்குப் போய்வருகிறவன், நேர்ரோட்டுக்காரன். இறக்கத்தில் எதற்குப் பெட்ரோல் என்று நியூட்ரலில் விட்டு, வேகத்தைப் பிரேக்கிலேயே பிடித்து வந்தேன். திருப்பத்துக்குத் திருப்பம், மிதி, மிதி. தார் உருகிப் பளபளத்தது. காற்றே இல்லை.

"ஏங்க, ஏதோ கருகுற நாத்தம் வந்துக்கினே இருக்குதே?"

"வெளிய லாரி எதுனா போயிருக்கும்."

முன்னால் லாரி இல்லை. எங்களைத் தவிர யாருமே இல்லை.

அடுத்த திருப்பத்தில் மிதித்தேன். பெடல் பஞ்சு போல இறங்கியது. மறுபடி மிதித்தேன். கால் தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. அவள் குழந்தையின் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

தட்டுத்தடுமாறி இரண்டாவது கியரில் தள்ளினேன். என்ஜின் ஊளையிட்டது. ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கச் சுவரோரம் உரசினாற்போல் நிறுத்தினேன். முன்சக்கரங்களில் புகை. தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடினேன்.

பின்னால் வந்த ஜீப்காரர் கத்தினார்: "நீள்ளு போயொத்து! ஊத்தாத சாமி, பிரேக் டிஸ்க்கு வெடிச்சுக்கும்! நியூட்ரல்லயா வந்த? சாமிய பார்த்தாச்சு, நேராவே போய்ச் சேர்ந்துடலாம்னு பார்த்தியா?"

சிரிக்க முடியவில்லை. கொதித்த பிரேக் ஆயில் ஆற முக்கால் மணி நேரமாகும் என்றார். உட்கார்ந்தோம். மலை அனலாய் மூச்சு விட்டது. பிறகு முதல் கியரில், நடக்கிற வேகத்தில் இறங்கினேன். பெடல் கெட்டியாகத்தான் இருந்தது. நம்பத்தான் முடியவில்லை.

கீழே செக்போஸ்டில் சீட்டைப் பார்த்தவர், "இந்த லேட்டா? இவ்ளோ நேரமா?" என்றார். அபராதம் இல்லை.

மனைவி குழந்தையோடு இறங்கிவிட்டாள்.

"பஸ்ல வர்றோம். நீங்க மெக்கானிக்கு கிட்ட காட்டிட்டு வாங்க."

திரும்பிப் பார்க்காமல் போனாள். பஸ் கிளம்பியது. மெக்கானிக் கடை வரைக்கும் அதன் பின்னாலேயே ஊர்ந்தேன். அதன் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் என் கால் தானாக மிதித்தது, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்க.