சிதறிக் கூடும் பெயர்கள்

மாசி மாதம், மூன்றாம் செவ்வாய். முற்பகலில் சிவகாசிக்கு வெளியே ஒரு பட்டாசு ஆலையில், மருந்து கலக்கும் அறை வெடித்தது. உள்ளே இருந்த இருவர் இறந்தனர். ஒருவன் அங்கே வேலையை மேற்பார்க்கும் போர்மேனாக இருந்த என் மகன். மறுநாள் விருதுநகரில் உடலைப் பெற்றுக்கொண்டோம். அன்று மாலையே தகனம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வேறு ஆள். ஆனைக்குட்டம் அணைக்கு அப்பால், கரட்டுக் காட்டில் நண்பர்கள் மண்மேடு கட்டிப் பைக்கில் தாவுவார்கள். அவன் படம் பிடிப்பான். எழுத்து வடிவமைப்பைக் கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். காணொளியில் ஓட்டுபவர்களின் பெயரெழுத்துகளைச் செய்து தரும்படி என்னிடம் கேட்டான். முதல் முயற்சியைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏம்ப்பா, ஆளு ஆகாசத்துல பறக்கான். உங்க எழுத்து பந்தியில உக்காந்து எலைக்குக் காத்துக் கெடக்கே!"

பிறகு அவன் விரும்பியபடியே செய்தேன். வண்டி மேட்டை விட்டு எழும்போது, திரையெங்கும் பறக்கும் துணுக்குகள் கூடி ஒரு பெயராகும். அதைச் செய்யும் முறை நேர்மாறானது. முழுப் பெயரை எழுதி, வெடித்துச் சிதறவைத்து, அந்தச் சிதறலைப் பின்னோக்கி ஓட்ட வேண்டும். எந்தத் துணுக்கு எங்கே விழ வேண்டும் என்பதை ஒவ்வொன்றாக நானே தீர்மானிப்பேன். அதில் எனக்குப் பெருமிதமும் இருந்தது.

சித்திரையில் அவனுடைய நண்பர் ஒருவர் வந்தார். கடைசி ஞாயிறன்று என் மகன் கேமராவை அவரிடம் கொடுத்துவிட்டுத் தானே தாவியிருக்கிறான். அது ஒன்றுதான் அவனுடைய தாவல். அந்தக் காணொளியை அவன் நினைவாக வெளியிட நண்பர்கள் விரும்பினார்கள்.

"அப்பா, அவன் பேரையும் எப்பவும் போலயே போட்ருங்க. பேரு சும்மா வந்து நின்னா நம்மள கிண்டல் பண்ணியே தீத்துருவான்."

நான் மறுக்கவில்லை. அவர் போனபின் பெயரை எழுதினேன். அடுத்து அதைச் சிதறடிக்க வேண்டும். மவுஸின் மேல் கை இருந்தது. துணுக்குகள் எங்கே விழ வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

சில நாள் கழித்து, பெயர் அசையாமல் நிற்கும் படத்தை அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"பேரு நகரவே இல்லியேப்பா? கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதோ?"

"இல்ல. என்னால அத உடைக்க முடியல."

"சரிங்கப்பா. அப்படியே நிக்கட்டும்."

அவர் இசைந்தது எனக்கு ஆறுதலாக இல்லை. மகன் கேட்டிருக்கக்கூடியதை நான் செய்து தரவில்லை.

இன்னும் செய்யாதவை:

அந்தத் தாவலை ஒலியோடு பார்ப்பது.

அவன் அம்மாவிடம் காட்டுவது.

உடன் இறந்தவரின் வீட்டுக்குப் போவது.

பெயர் எந்தக் கணத்தில் திரையை விட்டு நீங்க வேண்டும் என முடிவு செய்வது.