சைவ ஆமை

மகன் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது எங்களிடம் விட்டுச் சென்றவை ஒரு மேசை விசிறியும், காதோரம் சிவப்புக் கோடு போட்ட ஒரு குட்டி ஆமையும். விசிறி சீக்கிரமே நின்றுவிட்டது. ஆமை, கொச்சி மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாக மீன் வாசனை நுழையாத எங்கள் சமையலறை ஓரத்தில், கீரையும் காரட்டும் தின்று வளர்ந்தது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் அதன் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. தொட்டிச் சுவரில் முட்டி முட்டி நீந்தியது. வில்லிங்டன் தீவின் துறைமுக அலுவலகத்தில் ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்தவன் நான். அரசு கால்நடை மருத்துவமனையில் எப்போது சீட்டு தருவார்கள், ஆமையைப் பார்க்கிற மருத்துவர் தேவராவில் எங்கே இருக்கிறார் என்று எல்லாம் விசாரித்து வைத்தேன்.

"வேண்டாம், ஆமையைத் தூக்கிண்டு ஆட்டோல போனா நாலு பேர் சிரிப்பா. கோவில் குளத்துல விட்டுடலாம்" என்றாள் மனைவி.

"இது வெளிநாட்டு ஜாதி. குளத்துல விடப்படாது. நம்மூர் மீனையெல்லாம் தின்னு தீர்த்துடும்."

"கண்ணே தெரியலை. அது எங்க போய் மீனைப் பிடிக்கறது?"

தினமும் அதனோடு கொஞ்சிப் பேசியவள் இவள். குருட்டு ஆமையைக் குளத்தில் போடச் சொல்கிறாளே என்று திகைத்துப் போனேன். இரண்டு நாள் வாக்குவாதம். அதன்பின் அது தலையையே தூக்கவில்லை. வாளியில் வைத்து ஆட்டோவில் ஏறினேன். அவளும் ஏறிக்கொண்டாள்.

மருத்துவர் இளம்பெண். கண்ணைப் பார்த்ததும், வைட்டமின் ஏ குறைவுபோல இருக்கிறது என்று ஊசியை எடுத்தார்.

"எந்தா கொடுக்குன்னது?" என்று தீனியைப் பற்றிக் கேட்டார்.

"கீரை, காரட். நாங்க சுத்த சைவம்" என்றேன்.

ஊசியைக் கீழே வைத்துவிட்டார். காரட் தின்கிற ஆமைக்கு இந்தக் குறைவு வராதாம். அப்படியானால் நோய் வேறு. தேவையில்லாமல் போட்டால் இந்த ஊசியே அதைக் கொன்றுவிடும் என்றார்.

"டாக்டரே..." மனைவியின் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "காரட்டை அது மோந்துகூடப் பாக்கலை. உணக்கச் செம்மீன் மட்டும்தான் கொடுத்துண்டு இருக்கேன். வந்த நாள்லேர்ந்து."

காய்ந்த இறால். என் வீட்டில்! மருத்துவர் ஒன்றும் நடக்காததுபோலத் தலையாட்டி, ஊசியை மறுபடி எடுத்துப் போட்டார். அந்த அறையில் அதிர்ந்து நின்றவன் நான் ஒருவன்தான்.

"எங்கே வெச்சிருந்தே?"

"பெருங்காய டப்பாவுல."

துறைமுகத்து மோப்ப நாய்கூட அந்த டப்பாவிடம் தோற்றிருக்கும்.

திரும்பும் வழியில் ஆட்டோ தோப்பும்படிப் பாலத்தில் ஏறியது. அப்போது, நான் கேட்காமலே சொன்னாள்: "சாம்பார்ப் பெருங்காயம் வேற டப்பா."

கீரையோடு பச்சை மீனும் கொடுக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். சில நாளில் அதன் இடது கண் மெல்லத் திறந்தது. அப்போது அதன் எதிரே, முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, இடுக்கியில் ஒரு நெத்தோலி மீனோடு நின்றவன் நான்.