இரவல் ஏட்டம்மா

“தையல்காரரே, அந்த அளவுநாடாவக் கொஞ்சம் குடுங்க. நாளைக்குத் தந்துடுறேன்.”

அளக்க வேண்டியது எதுவும் ஏட்டம்மாவிடம் இல்லை. அது தையல்காரருக்கும் தெரியும். இருந்தாலும் கழுத்தில் தொங்கிய நாடாவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டிக்கொள்கிறார். ஏட்டம்மா அதைச் சுருட்டிக் காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்கிறார். அங்கே திருப்பிக் கொடுக்க, நேற்று வாங்கிய கத்தரிக்கோல் கையில் இருக்கிறது.

எங்கள் கடைத்தெருவின் புறக்காவல் நிலையத்தில் தலைமைக் காவலர் அவர். தெருவில் அவருக்குப் பெயர் இரவல் ஏட்டம்மா. நேருக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் பட்டம் வாங்கியவர் மாதிரி தலையை ஆட்டிக்கொள்வார். தன்னடக்கம் அவருக்குப் பொருந்தாத சட்டை. “இந்தத் தெருவுல என்னக் கேக்காம ஒரு பூனை குட்டி போடாது” என்பார். பாதி உண்மைதான்.

இரவல் வாங்கும் சூட்சுமத்தை அவரே ஒருநாள் எனக்குச் சொன்னார். “வெறுங்கையோட போலீஸ் போய்க் கடை வாசல்ல நின்னா என்ன ஆகும்? சாமான் வாங்க வந்தவன் நழுவிடுவான். கடைக்காரன் கல்லாவ மூடுவான். அதே நான் குடையத் திருப்பிக் குடுக்க வந்தேன்னு நிக்கட்டும், உக்காரச் சொல்லி டீ வாங்கித் தருவான். டீ ஆறுறதுக்குள்ள தெருவுல நடந்ததெல்லாம் தானா வந்துடும்.” இதை அவர் ரகசியமாகத்தான் சொன்னார். அவருடைய ரகசியக் குரல் எதிர்வரிசைக் கடைகள் வரை கேட்கும் என்பதால் தெருவுக்கே அது தெரியும்.

ஜீப்பில் ஏறமாட்டார். “ஜீப்புல போனா எல்லாம் நல்லாத் தெரியும். ஒண்ணும் காதுல விழாது.” நடைதான். நடந்து நடந்து செருப்பின் இடப்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். அவருடைய கணவர் மின்வேலை செய்கிறவர். அவர் பாடுதான் திண்டாட்டம். “வீட்ல ஒரு திருப்புளி எடுத்தா அது என்னோடதா, ஊரோடதான்னு தெரியல. கேட்டுட்டுத்தான் தொடுறேன்” என்று என்னிடம் அலுத்துக்கொண்டார்.

என் மடக்கு ஏணியும் தப்பவில்லை. முதல் முறை அதைத் திருப்பிக் கொண்டுவந்தவர் படியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார். அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரரோடு தண்ணீர்க் குழாய்க்காக நான் வளர்த்துவந்த சண்டை முடிந்திருந்தது. எந்த இடத்தில் முடித்தார் என்று இன்றுவரை பிடிபடவில்லை. அதற்குப் பிறகு அவர் மறுபடி ஏணி கேட்டபோது நான் காரணம் கேட்கவில்லை.

ஒரு காலத்தில் ஆறு பேர் இருந்த நிலையம் அது. ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. மாற்றலில் போனவர் இடத்துக்கும் வரவில்லை. பந்தோபஸ்துக்கென்று அழைத்துப் போனவர்கள் போன இடத்திலேயே தங்கிவிட்டார்கள். மிஞ்சியது ஏட்டம்மாவும் இன்னொரு காவலரும். அந்தக் காவலர் வயதானவர், சாது. வாயைத் திறந்தால் உண்மையைத் தவிர வேறெதுவும் வராது. அதனாலேயே பின்னால் ஒரு வினை வந்தது.

நகரத்திலேயே மிகக் குறைவாக வழக்குப் பதிவாவது எங்கள் நிலையத்தில்தான். வழக்கே இல்லாத இடத்தில் ஆள் எதற்கு, மூடிவிட்டு இரண்டு பேரையும் பெரிய ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டது. அதைக் கேள்விப்பட்ட அன்று ஏட்டம்மா யாரிடமும் எதுவும் இரவல் கேட்கவில்லை. “நல்லா வேலை பாத்தா வேலையே போயிடும்போல” என்று மட்டும் சொன்னார். அவர் கைவீசிக்கொண்டு வெறுமனே நடந்து போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மூடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, புதிதாக வந்திருந்த கண்காணிப்பாளர் ஒரு பிற்பகலில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். ஏட்டம்மா ரோந்தில் இருந்தார். அதிகாரி மர அலமாரியைத் திறந்தார். உள்ளே குடைகள், சுத்தியல்கள், இஸ்திரிப்பெட்டி, சுவர்க்கடிகாரம், தராசுத் தட்டு, சல்லடை. அலமாரிக்குள் அடங்காமல் பக்கத்தில் சாய்ந்து நின்றது என் ஏணி.

“இதெல்லாம் ஏது?”

“கடைக்காரங்ககிட்ட ஏட்டம்மா வாங்கினதுங்கய்யா” என்றார் சாதுக் காவலர்.

“காசு குடுத்தா?”

“ஐயோ, இல்லங்கய்யா. சும்மாதான். தினமும் வாங்குவாங்க.”

மாமூலைப் பொருளாகவே வசூலிக்கும் ஒரு ஏட்டைப் பிடித்துவிட்டதாக அதிகாரி நினைத்ததில் அவர் தப்பு ஒன்றுமில்லை. நிலையக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை நிலைய வாசலில் விசாரணை, கடைக்காரர்கள் எல்லாரும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நிலையம் போவது ஒருபுறம் இருக்க, இப்போது ஏட்டம்மாவின் காக்கிச் சட்டையே போய்விடும்போல இருந்தது.

மறுநாள் நாங்கள் எல்லாரும் அவரைக் காப்பாற்றத்தான் போனோம். போய்க் குழியை இன்னும் ஆழமாக வெட்டினோம். “எடுத்தாங்களா?” என்றால் “எடுத்தாங்க.” “எத்தன தடவை?” என்றால் “அதுக்குக் கணக்கே இல்லங்க” என்று தையல்காரர் பெருமையாகச் சொன்னார். நானும் சும்மா இருக்காமல் “அந்த ஏணி என்னோடது” என்று முந்திக்கொண்டு சொல்லிவைத்தேன். ஏட்டம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

அப்போது மருந்துக்கடை அம்மாள் முன்னால் வந்தார். வாடிக்கையாளரிடம்கூட நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர்.

“ஐயா, டாக்டர் சீட்டு இல்லாம தூக்க மாத்திரை கேட்டு ஒரு பையன் என்ன மிரட்டிட்டே இருந்தான். குடுக்கலன்னா கடைய ஒடைப்பேன்னான். ஸ்டேஷன் படி ஏற எனக்குக் கால் வரல. வீட்டுக்காரர்கிட்டகூட மூச்சு விடல. இவங்க கத்தரிக்கோலத் திருப்பிக் குடுக்க வந்தாங்க. வாங்கும்போது அதக் கீழ போட்டுட்டேன். என்னம்மான்னாங்க. அழுதுட்டேன். அப்புறம் அவன் வரவே இல்ல.”

அதிகாரி ஏட்டம்மாவிடம் திரும்பினார். “என்ன செஞ்சீங்க?”

“அவன் வீட்டுக்குப் போய் அவங்கம்மாகிட்ட ஒரு சல்லடை இரவல் கேட்டேங்கய்யா.”

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

“ரெண்டாம் தடவை போனப்பதான் அந்தம்மா வாயத் தொறந்தாங்க. பையன் மாத்திரைக்கு அடிமையாயிட்டான், ராத்திரியெல்லாம் அடிக்க வரான்னு. நானும் அவங்களும் சேந்து ஆஸ்பத்திரியில சேத்தோம். இப்ப வீட்ல இருக்கான். தச்சுப் பட்டறைக்கு வேலைக்குப் போறான்.”

“சல்லடைய ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க?”

“வாரம் ஒருக்கா குடுத்துட்டு, மறுபடி வாங்கிட்டு வருவேங்கய்யா. அவன் எப்படி இருக்கான்னு தெரியணுமில்ல. இன்னிக்குக் குடுக்கணும். நேத்து நீங்க சாவிய எடுத்துட்டுப் போயிட்டீங்க, நான் எந்த வாசலுக்கும் போக வழியில்ல.” அத்தோடு நிறுத்துகிறவரா அவர். தோளை நிமிர்த்திக்கொண்டு, வழக்கமான ரகசியக் குரலில், தெருக்கோடி வரை கேட்கச் சொன்னார்: “இங்க கேஸ் கம்மின்னு மூடுறீங்க. ஏன் கம்மின்னு அந்த அலமாரியப் பாருங்க.”

அதிகாரி வெடுக்கென்று பேசுகிறவர்தான். ஆனால் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர். பூட்டைத் தானே திறந்து உள்ளே போனார். அலமாரியைத் திறந்து, சல்லடையை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

“இந்த ஸ்டேஷன் மூடாது” என்றார். “இங்கேர்ந்து யாரையும் எடுக்கல. பந்தோபஸ்துக்குப் போன ஆளுங்களத் திருப்பி அனுப்புறேன். மொதல்ல ரெண்டு பேர் வருவாங்க. அவங்களுக்கும் நீங்களே இரவல் வாங்கக் கத்துக்குடுங்க.” சாவியை ஏட்டம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

தையல்காரர் கைதட்டினார். மருந்துக்கடை அம்மாள் விசும்பிக்கொண்டே தட்டினார். நான் என் ஏணியை மறந்து தட்டினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்களே ஏதோ தேர்தலில் ஜெயித்த மாதிரி இருந்தது.

ஏட்டம்மா கைதட்டலைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நிலையத்துக்கு இரட்டைக் கதவு. ஆள் குறைந்ததிலிருந்து ஒற்றைக் கதவை மட்டும் திறந்து ஒருக்களித்து நுழைந்துகொண்டிருந்தார்கள். மற்றதன் தாழ்ப்பாள் துருவேறித் தரையோடு இறுகிக் கிடந்தது. அவர் நேராக உள்ளே போய் மூலையில் கிடந்த லத்தியை எடுத்துவந்தார். அவர் கையில் அதை நான் பார்த்தது அன்றுதான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, லத்தியின் அடிக்கட்டையால் தாழ்ப்பாளை ஓங்கி ஓர் அடி அடித்தார். அசையவில்லை. இன்னோர் அடி. துரு உதிர்ந்து தாழ் மேலேறியது. எழுந்து, இரண்டு உள்ளங்கையையும் பதித்து, அந்தக் கதவைச் சுவர் வரைக்கும் தள்ளித் திறந்தார்.