மண் ரிப்போர்ட்டுக்கு நடுவே ஓர் இடைவெளி

விண்டோஸ் 95 வந்த புதிதில் நான் கோவையில் இருந்துகொண்டு சின்ன நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கோபிசெட்டிபாளையத்தில் இருந்த ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடமும் அவற்றில் ஒன்று. விவசாயிகள் கொண்டுவரும் மண்ணைச் சோதித்து, எந்தப் பயிருக்கு எவ்வளவு உரம் என்று அச்சிட்டுத் தரும் புரோகிராம் என்னுடையது.

அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவர் நாற்பதைத் தாண்டிய ஓர் அம்மா. வெகுகாலம் டைப்ரைட்டரில் வேலை செய்தவர். புதுக் கம்ப்யூட்டர் வந்ததும், நான் அனுப்பிய பிளாப்பிகளைப் போட்டு அவரே புரோகிராமை ஏற்றினார். எந்த ஃபோல்டரில் வைக்கட்டும் என்று அது கேட்டபோது, ஆங்கில எழுத்தில் ‘மண் ரிப்போர்ட்’ என்று நடுவில் இடம் விட்டு அடித்தார். இரண்டு வார்த்தைகளை ஒட்டி அடிக்க அவருக்கு மனம் வராது.

மறுநாள் போன் செய்தார்.

“சார், அமுக்குனா கறுப்பா ஒண்ணு வருதுங்க. ‘பேட் கமாண்ட்’னு போட்டு நின்னுக்குதுங்க.”

“ஏதாச்சும் மாத்திப்போட்டீங்களா?” என் குரலில் எரிச்சல் இருந்தது.

“செஞ்சிருப்பேனுங்க சார். தெரியலைங்க.”

இரண்டு நாள் கழித்துத்தான் என்னால் பஸ் ஏற முடிந்தது. நான் போனபோது கம்ப்யூட்டருக்கு உறை போட்டுவிட்டு, அவர் டைப்ரைட்டரில் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தார். நாலைந்து விவசாயிகள் காத்திருந்தார்கள்.

“அந்தம்மாகிட்டக் குடுத்தது என் தப்புங்க தம்பி. வேற ஆளப் போட்டுக்கறேன்” என்றார் முதலாளி, அந்த அம்மாவின் காதில் விழும்படியே. டைப்ரைட்டர் சத்தம் நின்றது.

பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. புரோகிராமைத் தொடங்கிவைக்க நான் எழுதியிருந்த சின்ன பேட்ச் ஃபைலில், அது இருக்கும் ஃபோல்டரின் பாதையை மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கவில்லை. அதனால் இயந்திரம் இடைவெளி வரைக்கும் படித்துவிட்டு, ‘மண்’ என்ற புரோகிராமைத் தேடி ஏமாந்திருக்கிறது. பாதையின் முன்னும் பின்னும் குறி போட்டேன். ஓடியது.

“அவங்க என்னத்தப் பண்ணிப்போட்டாங்க?” என்று முதலாளி கேட்டார்.

‘சரியாயிருச்சுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பத்தான் முதலில் தோன்றியது. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவங்க ஒண்ணும் பண்ணலைங்க. நான் எழுதுனதுதான் தப்பு. பேருக்கு நடுவுல இடம் உடுவாங்கன்னு நான் நினைச்சே பாக்கலைங்க.”

முதலாளி சங்கடத்தோடு அவர் பக்கம் திரும்பினார். “அப்பொ நீங்களே பாத்துக்கங்க அம்மணி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

“பேரை மாத்திப்போடட்டுங்களா சார்?” என்று கேட்டார் அந்த அம்மா.

“வேண்டாங்க. நீங்க வெச்ச பேரே இருக்கட்டும்.”

“ரெண்டு நாளாச் சோறே எறங்கலைங்க” என்று சிரித்தபடி, முதல் விவசாயியைக் கூப்பிட்டார்.

கோவை திரும்பியதும் அதே புரோகிராம் வாங்கிய மற்றவர்களுக்கும் போன் செய்தேன். ஒரு இடத்தில் எடுத்தவர் சொன்னார்: “இங்கயும் அப்படித்தானுங்க நின்னுச்சு. நமக்குத்தான் ஓட்டத் தெரியலைன்னு கையிலயே எழுதிட்டிருக்கோமுங்க.”

“எத்தனை நாளாங்க?”

“மூணு மாசமாச்சுங்க.”

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அங்கே போனேன்.