இரண்டு விரல் வெள்ளை

கறுப்பாக ஒரு சொட்டு வாடிக்கையாளரின் கன்னத்தில் விழுந்தது.

கழுவும் தொட்டியில் தலையைச் சாய்த்துக் கண் மூடிப் படுத்திருந்த வங்கி மேலாளர் அம்மாள் அதை விரலால் வழித்தார். விரலைப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்தார். ஈரத் தலையிலிருந்து தண்ணீர் முதுகில் இறங்குவதைக்கூடப் பொருட்படுத்தவில்லை.

"என்ன இது? டை வேண்டாம், வெட்டிவிட்டா போதும்னுதானே சொன்னேன்."

"டை இல்லைங்க. நுரைதான்."

"நுரை எங்கயாவது கறுப்பா வருமா?"

தலை கழுவிக்கொண்டிருந்தவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த சொட்டு அவளுடைய சொந்த நெற்றியிலேயே இறங்கியது. புருவத்தில் சற்றுத் தயங்கி, மூக்கோரமாக வழிந்தது. வெந்நீர் ஆவி செய்த வேலை. காலையில் வகிட்டில் பொறுமையாகத் தீட்டியிருந்த கண் மைப் பென்சில் கரைந்துகொண்டிருந்தது.

மேலாளர் அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க தலையிலேர்ந்துதான் வருது," என்றார். கோபம் இல்லை. போலிக் கையெழுத்தைக் கண்டுபிடித்த குரல்.

அழகு நிலையத்தில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். பக்கத்து நாற்காலிக்காரி சீப்பைப் பல்லில் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து வந்தாள். மன்னிப்புக் கேட்டாள். மேலாளர் அம்மாளின் கன்னத்தைத் தானே பஞ்சால் துடைத்துவிட்டாள். கடைசியில் அவள் பக்கம் திரும்பினாள்.

"உள்ள வாங்க."

மை அக்கா என்றுதான் அவளை எல்லாரும் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாக அங்கே தலைக்குச் சாயம் போடுகிறவள். தெருவைப் பார்த்த ஜன்னலோர நாற்காலி அவளுடையது. நிறம் பார்க்கும் வெளிச்சம் அங்கேதான் சரியாக விழும். அந்த நாற்காலிக்காக அவள் யாரிடமும் மல்லுக்கு நின்றதில்லை. நிற்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

சாயம் போட்டு ஒரு மாதம் ஆனால் வகிட்டில் வெள்ளை எட்டிப் பார்க்கும். அதை அங்கே 'கோடு' என்பார்கள். "அக்கா, கோடு விழுந்திருச்சு, எப்ப வரட்டும்?" என்று ஃபோன் வரும். "வாங்க, அழிச்சிடலாம்," என்பாள். புதிதாக வருகிறவர்கள், பார்த்தால் தெரியுமா, செயற்கையாக இருக்குமா என்று இழுத்தால், குனிந்து தன் தலையைக் காட்டுவாள். "எனக்கு ஐம்பத்தாறு. எங்க, ஒரே ஒரு வெள்ளை காட்டுங்க பாப்போம்." அதற்கு மேல் பேச்சு இருக்காது.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். நாற்பதில் முழுக்க நரைத்து, ஐம்பதில் பாதி உதிர்ந்து, மீதியைப் பற்றிக் கவலைப்படாத மனிதர். சேர்ந்து வெளியே போனால், "உங்க பொண்ணுங்களா?" என்று அவரிடம் கேட்பார்கள். "ஆமா, மூத்தவ. இன்னும் இடம் அமையல," என்பார். பஸ்ஸில் அவருக்கு யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். அவள் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நிற்பாள். பகலெல்லாம் நின்ற கால்கள்தான். ஆனாலும் அப்படி நிற்பதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது.

சாயம் போடும் முன் காதுக்குப் பின்னால் அதில் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்க்க வேண்டும். சிவந்தால் போடக் கூடாது. அந்தப் பொட்டு வைக்காமல் புது ஆள் எவருக்கும் அவள் கிண்ணத்தை எடுத்ததில்லை. தனக்கு மட்டும் ஒரு தடவைகூட வைத்துக்கொண்டதில்லை. "என் தலைக்கு நான் என்ன புது ஆளா?" என்பாள்.

மூன்று மாதத்துக்கு முன், தனக்குச் சாயம் போட்டுக்கொண்ட மறுநாள் காலையில் கண்ணாடியில் வேறு யாரோ இருந்தார்கள். இமைகள் வீங்கிக் கண் கீற்றாகியிருந்தது. காதிலிருந்து கழுத்துவரை நீர்க் கொப்புளம். தோல் டாக்டர் அதட்டவில்லை. "இத்தனை வருஷம் தாங்கினதே பெரிசும்மா. இனிமே தலையில வச்சீங்கன்னா தொண்டை அடைச்சாலும் அடைக்கும். மத்தவங்களுக்குப் போடறப்பவும் நல்ல கையுறை போட்டுக்கணும்," என்றார். மருதாணி இலைப்பொடி போடலாமா என்று கேட்டதற்கு, அதில் கறுப்புக்காக இதே மருந்தைத்தான் பாதிப் பேர் கலக்கிறார்கள் என்றார்.

நிலையத்தில் கேட்டவர்களிடம் குளவி கொட்டிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள். அதன் பிறகு வெள்ளை தன் பாட்டுக்கு வளர்ந்தது. முதல் மாதம் ஸ்கார்ஃப். இரண்டாம் மாதம் ஸ்கார்ஃபும் பென்சிலும். இப்போது அது இரண்டு விரல் அகலம்.

துண்டுகள் அடுக்கி வைக்கும் அறையில் முதலாளி கதவைச் சாத்தினாள். முப்பத்தைந்து வயது. நிலையத்தை அவளுக்கு முன் அவள் அம்மா நடத்தினாள். பள்ளி விட்டு வந்து இதே துண்டு மூட்டைமேல் தூங்கிப்போன பிள்ளை. வாடிக்கையாளர் முன்னால் மை அக்கா அவளை 'மேடம்' என்பாள். தனியாக இருந்தால் 'பாப்பா'. யாரும் பேசி வைக்காத ஏற்பாடு. ஒரு நாளும் மாறியதில்லை.

"என்னக்கா இது, கண் மையா?"

"ஆமா பாப்பா."

"ஊருக்கெல்லாம் போடுறீங்க. உங்களுக்குப் போட்டுக்க நேரமில்லையா?"

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தால் சாயக் கிண்ணத்தையே தொட விடமாட்டார்கள். "அலுப்பா இருக்கு பாப்பா," என்றாள்.

"செவ்வாய்க்கிழமை போட்டோக்காரர் வரார், ஞாபகம் இருக்கா? புது போர்டு. அவங்கவங்க நாற்காலிகிட்ட நிக்கணும். ஜன்னல் நாற்காலிதான் நடுவுல வருது. கோடு அழிக்கிற ஆள் தலையிலயே இவ்ளோ பெரிய கோடு இருந்தா, பாக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"இது கோடு இல்ல பாப்பா. ரோடு."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"செவ்வாய்க்குள்ள சரி பண்ணிக்கோங்க. முடியலன்னா தொட்டிப் பக்கம் போயிடுங்கக்கா. தலை கழுவுங்க, துண்டு பாத்துக்கோங்க. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

"ஜன்னல் நாற்காலி?"

"அதை அவ பாத்துக்கட்டும்." பக்கத்து நாற்காலிக்காரியைத்தான் சொன்னாள்.

அன்று சனிக்கிழமை. வேலை முடிந்ததும், புதிதாக வந்திருந்த ஒரு டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனாள். மென்மையானது, எந்தத் தோலுக்கும் ஏற்றது என்று மேலே அச்சடித்திருந்தது. வீட்டில் கைகால் கழுவி, முப்பது வருடத்தில் முதல் முறையாகத் தன் காதுக்குப் பின்னால் பொட்டு வைத்துக்கொண்டாள்.

"என்ன, காதுக்குப் பின்னால புதுசா மச்சம்?" என்றார் வீட்டுக்காரர்.

"ரெண்டு நாள் பொறுங்க. அதிர்ஷ்ட மச்சமான்னு தெரிஞ்சிடும்."

அவருக்கு விளங்கிவிட்டது. "டாக்டர் அவ்ளோ சொல்லியுமா?"

"இது மென்மையானதாம். டப்பால போட்டிருக்கு."

"உனக்கு வைத்தியம் பாத்தது டாக்டரா, டப்பாவா?"

ஞாயிறு மதியம் அரிக்கத் தொடங்கியது. சொறியவில்லை. சொறிந்தால் ஒத்துக்கொண்டதுபோல் ஆகிவிடும். திங்கள் நிலையத்துக்கு விடுமுறை. காலையில் அவரைக் கூப்பிட்டுக் காதை மடக்கிக் காட்டினாள்.

"சிவந்திருக்கா?"

அவர் கண்ணாடி போட்டு, ஜன்னல் பக்கம் அவள் தலையைத் திருப்பி, நிதானமாகப் பார்த்தார். "இல்ல."

"நிஜமா சொல்லுங்க."

"தக்காளி அளவுக்கு இல்ல."

அப்படியும் மதியம் குளியலறையில் கிண்ணத்தில் கலக்கினாள். கை பழக்கத்தில் அளவு தப்பாமல் விழுந்தது. பிரஷைத் தோய்த்து வகிட்டுக்குக் கொண்டுபோனாள். அந்த வாசனைக்கே இமை கனத்தது. காதுக்குப் பின்னால் அந்த இடம் தனியாகத் துடித்தது. தொண்டை அடைப்பது என்றால் எப்படி இருக்கும் என்று எச்சில் விழுங்கிப் பார்த்தாள். இந்த முறை தப்பினாலும் அடுத்த மாதம் கோடு விழும். மறுபடி இதே பிரஷ், இதே எச்சில்.

தைரியம் என்று சொல்ல முடியாது. பயம்தான் கையைக் கீழே இறக்கியது. கிண்ணத்தைக் கவிழ்த்து ஊற்றினாள். குழாயைத் திறந்துவிட்டு, கறுப்பு முழுவதும் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள்.

கறுப்பாக இருந்த நீளத்தையெல்லாம் வெட்டினாள். முன்பக்கமும் பக்கவாட்டும் வேகமாக முடிந்தன. பிடரி எட்டவில்லை. கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டாள்.

"நான் பஸ்தான் ஓட்டியிருக்கேன். தலை ஓட்டினதில்ல."

"நேரா வாங்க. இடது பக்கம் ஒடிக்காதீங்க."

"ரிவர்ஸ் எடுக்கட்டுமா?"

"பேசாம வெட்டுங்க."

அவர் கை நடுங்கியதில் பிடரியில் ஒரு படி விழுந்தது.

முதல் நரை வந்தபோது அவளுக்கு முப்பத்துநான்கு. அன்றே மூடியவள், அதன் பிறகு அது எங்கே எப்படிப் பரவியது என்று பார்த்ததே இல்லை. இப்போது கண்ணாடியில் குட்டையாக, வெள்ளையாக ஒரு தலை. முழுக்க வெள்ளை என்றுதான் நினைத்திருந்தாள். இடது காதுக்கு மேல் கட்டைவிரல் அகலத்துக்கு நல்ல கறுப்பு. நரைக்கவே இல்லை. தொட்டுப் பார்த்தாள். வேர்வரை கறுப்பு. இருபத்திரண்டு வருடம் கறுப்பின்மேல் கறுப்பு அடித்திருக்கிறாள்.

"இந்த இடத்துக்கு எதுக்குப் போட்டேன் நான்?"

சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. அவர் முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

"அழகா இருக்கு," என்றார்.

"பொய்."

"சரி, அழகா இல்ல. வேற மாதிரி இருக்கு. போதுமா?"

"போதும்."

"இனிமே யாரும் பொண்ணான்னு கேக்க மாட்டாங்க. எனக்குத்தான் நஷ்டம்."

வழக்கமாகச் சிரிக்கிற இடம். அவள் சிரிக்கவில்லை. அவர் தரையில் கிடந்த முடியைக் கூட்டினார்.

மாலையில் மறுபடி கண்ணாடி முன் உட்கார்ந்தாள். வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல், "சொல்லுங்க, என்ன பண்ணலாம்?" என்று தன்னையே கேட்டாள். அந்தத் தலைக்கு வெளிர் நிறங்கள் ஆகாது, முகம் கரைந்துவிடும். அலமாரியில் தேடி, கழுத்துப்பட்டி வைத்த கருநீலச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். முன்முடியைக் கறுப்புத் தெரியும்படி வலப்பக்கம் ஒதுக்கினாள். உதட்டுக்கு வழக்கத்தைவிட ஒரு படி அழுத்தமான சிவப்பு. கழுத்தின் சுருக்கம் சட்டைக்கு மேல் தெரிந்தது. பட்டியைத் தூக்கிவிட்டாள். பிறகு இறக்கிவிட்டாள்.

செவ்வாய் காலை நிலையத்துக் கதவைத் திறந்ததும் பக்கத்து நாற்காலிக்காரி ஓடி வந்து கையைப் பிடித்தாள். "ஐயோ அக்கா, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. விடு."

விளக்கைப் பொருத்திக்கொண்டிருந்த போட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "அம்மா, கஸ்டமர்லாம் கொஞ்சம் வெளிய உக்காருங்க. அரை மணி நேரம்தான்."

அவள் நேராக ஜன்னலோர நாற்காலிக்குப் போய் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

முதலாளி வந்தாள். பார்த்தாள். "அக்கா, தொட்டிப் பக்கம்னு பேசினோமே."

"சரி பண்ணிக்கோங்கன்னுதானே சொன்ன பாப்பா. பண்ணிக்கிட்டேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எல்லார் முன்னாலும் பாப்பா. ஹேர் டிரையர் நின்றது. முதலாளியின் காது மடல் சிவந்தது. வாய் தவறியது தவறியதுதான், இனி நிறுத்தினால் வராது என்று மை அக்கா மிச்சத்தையும் சொன்னாள்.

"குளவி கொட்டல. டை எனக்கு ஒத்துக்கல. தலையில வச்சா தொண்டை அடைக்கும்னு டாக்டர் சொல்லிட்டார். கையுறை போட்டு மத்தவங்களுக்குப் போடலாம். கை நல்லாத்தான் இருக்கு. முப்பது வருஷமா நிக்கிற இடம் இது. வெளிச்சம் இங்கதான் விழுது."

"மேடம், வெயில் மாறுது," என்றார் போட்டோக்காரர்.

முதலாளி அவளைச் சுற்றிப் பின்னால் போனாள்.

"பிடரி என்னக்கா, படிக்கட்டு மாதிரி இருக்கு? யார் வெட்டினது?"

"டிரைவர்."

முதலாளி கத்தரிக்கோலை எடுத்தாள். படியைச் சமப்படுத்தினாள். கழுத்தில் ஒட்டிய துணுக்கை ஊதித் தள்ளினாள். மூன்று மாதமாக இதை மறைத்தது பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது மை அக்காவுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"ஒரு மாசம் பாப்போம். உங்ககிட்ட ஆள் வரலன்னா, என்னைச் சொல்ல வைக்கக் கூடாது. நீங்களே தொட்டிக்குப் போயிடணும்."

"சரிங்க மேடம்."

படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னபோது மை அக்காவால் உதட்டை மட்டும்தான் இழுக்க முடிந்தது.

மறுநாள் புதன்கிழமை. ஒன்பதுக்குத் திறந்தார்கள். சாயம் போட ஆறு பேர் வந்தார்கள். மூன்று பேர் அவளைப் பார்த்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்குக் காத்திருந்தார்கள். ஒருவர் குரலைத் தாழ்த்தி எந்த ஆஸ்பத்திரியில் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனார். ஒருவர் உட்கார்ந்து, போட்டு முடிக்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. கடைசியாக வந்தவர் புது ஆள். பார்த்தால் தெரியுமா என்று கேட்டார். மை அக்கா பழக்கத்தில் தலையைக் குனிந்தாள், பாதியில் நிமிர்ந்தாள். "கிட்ட வந்து பாத்தா தெரியும்," என்றாள். காதுக்குப் பின்னால் பொட்டு வைத்து, வெள்ளிக்கிழமை வரச் சொன்னாள். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இரண்டு ஜோடிக் கையுறை தீர்ந்தது. ஆறு மணிக்கு நாற்காலியைத் துடைத்தாள். பஸ்ஸில் கூட்டம். கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். வேண்டாம் என்றாள். கால் வலித்தது. உட்கார்ந்தாள். ஆறாவது நிறுத்தத்தில் இறங்கினாள்.